எடை கூடிக் காயும் எண்ணெய்

துவைத்த துணியைக் கொடியில் போட்டால் காயக் காய எடை குறையும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த அச்சு மை அப்படியல்ல. அதைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசி, நுண்ணிய தராசில் வைத்துப் பார்த்தால், முதல் சில நாட்களில் காயக் காய எடை கூடிக்கொண்டே போகும். எண்ணெயின் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் ஏறும். மை காய்ந்துவிட்டது என்று அச்சுக்கூடத்தில் சொல்லும்போது அங்கே எதுவும் வற்றிவிடவில்லை. காற்றிலிருந்த ஆக்சிஜன் உள்ளே போய்க் குடியேறிவிட்டது.

செதுக்காமல் விட்ட மேட்டில் மை ஏற்றி அச்சிடும் புடைப்பு அச்சுக் கலையில் இந்த எண்ணெய்க்கு இரட்டை வேடம். கட்டையின் மேல் உருட்டும் மையில் அது இருப்பது பலருக்கும் தெரியும். லினோலியத்தைச் செதுக்கி அச்சிடும் லினோகட் முறையில், செதுக்கப்படும் அந்தப் பழுப்பு விரிப்பை இறுக்கிப் பிடித்திருப்பதும் அதே எண்ணெய்தான் என்பது, வருஷக்கணக்கில் லினோ செதுக்கியவர்கள் சிலருக்கே தெரியாது.

முதலில் வேதியியல். எந்தத் தாவர எண்ணெயை எடுத்தாலும் அதன் மூலக்கூறு ஒரே அமைப்புதான்: கிளிசராலில் இருந்து தொங்கும் 3 கொழுப்பு அமிலச் சங்கிலிகள். வேறுபாடெல்லாம் சங்கிலிகளில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற சங்கிலிகள். அவற்றில் இரட்டைப் பிணைப்பு கிடையாது, ஆக்சிஜன் வந்து தொற்றிக்கொள்ள இடமில்லை. தலையில் தடவினால் தலையில் எண்ணெயாகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கும் மேல் லினோலெனிக் அமிலம். 18 கார்பன் நீளமுள்ள அந்தச் சங்கிலியில் 3 இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பனில் உள்ள ஹைட்ரஜனின் பிடி தளர்வானது. அது கழன்ற இடத்தில் ஆக்சிஜன் புகுந்து பெராக்சைடாகிறது. பெராக்சைடு உடைகிறது, உடைந்த துண்டு பக்கத்துச் சங்கிலியைத் தாக்குகிறது, அது அடுத்ததை. கடைசியில் தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஒரே வலையாகிவிடுகின்றன. திரவம் திடமாகிவிட்டது. அந்த முடிச்சை எந்தக் கரைப்பானும் அவிழ்க்காது.

எந்த எண்ணெய் எவ்வளவு காயும் என்பதை அளக்க அயோடின் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை விழுங்குகிறது என்ற கணக்கு. இரட்டைப் பிணைப்பு கூடக் கூட எண்ணும் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு அது 6 முதல் 11 வரை. ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். நல்லெண்ணெய் 104க்கும் 120க்கும் இடையில் நிற்கிறது, அதாவது பாதி காயும், முழுக்கக் காயாது. குத்துவிளக்கின் முகத்தில் படிந்து, புளி போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாத அந்தப் பிசுக்கு, பாதிவழியில் நின்றுபோன இதே வேதிவினைதான்.

அச்சு மைக்குப் பச்சை எண்ணெய் உதவாது. நீர்த்துப்போய் எல்லாப் பக்கமும் ஓடும். ஆகவே ஐரோப்பிய அச்சாளர்கள் அதைப் பல மணி நேரம் காய்ச்சினார்கள். 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிணைந்து எண்ணெய் தேன் பதத்துக்கு வரும். தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் ஊருக்கு வெளியே போய்க் காய்ச்சுவது வழக்கம். கொழுப்பை எடுக்கும் என்று நம்பி வெங்காயமும் ரொட்டித் துண்டும் போட்டார்கள். வேதியியல்படி பெரிய பயன் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, பதம் பார்க்க உதவியிருக்கலாம். ஆறியதும் அதில் விளக்குப் புகைக்கரியைப் போட்டு அரைத்தால் மை தயார்.

இந்த மை ஏன் தேவைப்பட்டது? ஜப்பானியர்களுக்குத் தேவைப்படவில்லையே. ஹொகுசாய் 1831 வாக்கில் வெளியிட்ட பேரலைப் படம் முழுக்கத் தண்ணீர் நிறங்களால் ஆனது. மலைச் செர்ரி மரப் பலகையில் செதுக்கி, நிறத்தோடு கொஞ்சம் அரிசிப் பசையைச் சேர்த்துத் தூரிகையால் தேய்த்து, ஈரப்படுத்திய காகிதத்தை வைத்து, மூங்கில் மடலால் சுற்றிய வட்டத் தட்டால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள். மரம் கொஞ்சம் நீரைக் குடித்து வைத்துக்கொள்வதால் நிறம் பரப்பில் சீராகத் தங்குகிறது. அழுத்தத்தில் நிறம் காகித நாருக்குள்ளேயே இறங்கிவிடும், பின்பக்கம் திருப்பினால் படம் மங்கலாகத் தெரியும். உலோகத்தில் இந்த வித்தை பலிக்காது. குட்டன்பர்க்கின் ஈய எழுத்தின் மேல் தண்ணீர் மையைத் தடவினால் முத்து முத்தாகத் திரண்டுகொள்ளும். எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை. அதனால் உலோகத்தின் மேல் படர்ந்து ஒட்டுகிறது. 1980-களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் குட்டன்பர்க் பைபிள் பக்கங்களின் மேல் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். மையில் ஈயமும் செம்பும் மிகுதியாக இருந்தன. ஈயச் சேர்மங்கள் எண்ணெயை விரைந்து காயவைக்கும் என்பது அந்தக் காலத்து ஓவியர்கள் அறிந்த சங்கதி. இன்று அந்த வேலையைக் கோபால்ட்டும் மாங்கனீசும் செய்கின்றன, பெராக்சைடை உடைப்பதுதான் அவற்றின் பணி. கறுப்பு மைக்குத்தான் இவை கூடுதலாக வேண்டும். கரித்துகள் அளவில் மிகச் சிறியது, அதன் மொத்தப் பரப்போ ஏராளம். போட்ட உலோகத்தில் ஒரு பங்கை அது தன் மேலேயே பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

இனி ரோலர். புடைப்பு அச்சின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான். செதுக்கிய பள்ளம் வெள்ளையாக இருக்கவேண்டும், விட்டுவைத்த மேடு மட்டும் மை ஏற்கவேண்டும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சில நேரம் 1 மில்லிமீட்டர் கூட இருக்காது. மேட்டில் ஏறும் மைப்படலமோ 1 மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. அது ஓரத்தில் வழிந்துவிடக் கூடாது. அதே சமயம் ரோலரிலிருந்து கட்டைக்கும் கட்டையிலிருந்து காகிதத்துக்கும் தயங்காமல் போகவும் வேண்டும். கெட்டியாகவும் இரு, இளகியும் கொடு என்று கேட்கிறோம்.

மை அதைக் கொடுக்கிறது. டப்பாவிலிருந்து பட்டித் தகட்டால் வழித்துக் கண்ணாடிப் பலகையில் வைத்தால் கோபுரமாக அப்படியே நிற்கும். உள்ளே கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தளர்வான ஒரு சட்டம் கட்டியிருப்பதே காரணம். தகட்டால் முன்னும் பின்னும் தேய்த்தால் சட்டம் உடைந்து மை இளகும். விட்டுவிட்டால் சற்று நேரத்தில் சட்டம் திரும்பக் கட்டிக்கொள்ளும். ஆகவே ரோலருக்கு அடியில் அழுந்தும்போது மை ஓடுகிறது, கட்டையின் மேட்டில் போய் அமர்ந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. குழைக்காமல் அவசரப்பட்டு உருட்டுகிறவர்களின் அச்சு திட்டுத் திட்டாக வருவதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு மை போதும் என்பதற்குக் காதுதான் அளவுகோல். பலகையில் ரோலரை உருட்டும்போது பட்டுப்புடவை உரசுவதுபோல் மெல்லிய 'ஸ்ஸ்' என்ற ஒலி வந்தால் சரி. 'சளக் சளக்' என்று ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டால் மை அதிகம். பரப்பைச் சாய்த்துப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போல் புள்ளிப்புள்ளியாகத் தெரியும். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது? ரோலர் பலகையை விட்டு விலகும் கோட்டில் மைப்படலம் நடுவே கிழிகிறது. கிழிவதற்கு முன் அதற்குள் நுண்ணிய குமிழ்கள் பிறந்து, குமிழ்களுக்கு இடைப்பட்ட மை நூல்நூலாக இழுபட்டு, அறுகிறது. ஆயிரக்கணக்கான நூல்கள் அடுத்தடுத்து அறும் ஓசையைத்தான் கேட்கிறோம். படலம் மெல்லியதாக இருந்தால் நூல் குட்டை, ஒலி மெது. தடித்தால் நூல் நீளும். நீண்ட நூல் அறும்போது அதன் வால் பள்ளத்தில் விழுந்து வெள்ளையைக் கெடுக்கும். மை நூலாக நீண்டால் அச்சாளர்கள் மக்னீசியம் கார்பனேட் தூளைச் சேர்ப்பார்கள், நூல் குட்டையாகிவிடும்.

காகிதத்தை உரிக்கும்போதும் இதே கதைதான். படலம் ஏறக்குறைய நடுவில் பிளக்கிறது, பாதி காகிதத்துக்குப் போகிறது, பாதி கட்டையிலேயே தங்குகிறது. கட்டையில் உள்ள மை முழுவதும் காகிதத்துக்கு வந்துவிடும் என்று நினைப்பது வீண். முதல் இரண்டு மூன்று அச்சுகள் வெளிறித்தான் வரும், தங்கும் பாதியும் புதிதாக உருட்டும் மையும் ஒரு சமநிலைக்கு வந்தபிறகே கறுப்பு கறுப்பாகும். ரோலரின் சுற்றளவையும் கணக்கில் கொள்ளவேண்டும். 4 செ.மீ. விட்டமுள்ள ரோலர் ஒரு சுற்றில் சுமார் 12.5 செ.மீ. தூரம் போகும், அதற்கு மேல் உருண்டால் ஏற்கெனவே பாதி மையை இழந்த பரப்பு திரும்ப வந்து படும். பெரிய கறுப்புப் பரப்பில் குறுக்கே ஒரு வெளிறிய பட்டை தெரிந்தால் அது செதுக்கியவரின் குறையல்ல, ரோலர் சிறியது.

கட்டைகளுக்கு வருவோம். மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுத்தால் நார் ஒரு திசையில் ஓடும். நாரோடு செதுக்கினால் உளி வழுக்கிப் போகும், குறுக்கே போனால் பிய்க்கும். இங்கிலாந்தின் நியூகாசிலில் வாழ்ந்த தாமஸ் பீவிக் குறுக்கே அறுத்த பாக்ஸ் மரத் துண்டை எடுத்துக்கொண்டார். நார்களின் முனைகள் மட்டும் மேலே தெரியும் அந்தப் பரப்பில் எந்தத் திசையிலும் செம்புத் தகட்டுக்குரிய ஊசி உளியால் கோடு இழுக்கலாம். 1797-லும் 1804-லும் வெளிவந்த அவருடைய பிரிட்டன் பறவைகள் நூலின் இறகுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கவேண்டும். தூரத்து மரங்கள் வெளிறித் தெரிய அவர் ஒரு தந்திரம் செய்தார்: அந்த இடத்தில் கட்டையின் பரப்பையே லேசாகச் சீவித் தாழ்த்திவிட்டுச் செதுக்கினார். அங்கே அழுத்தம் குறையும், மை குறைவாக ஒட்டும், சாம்பல் நிறம் கிடைக்கும். ஒரே மையில் மூன்று நான்கு சாயல்! ஆனால் பாக்ஸ் மரம் பருக்காது. பெரிய படத்துக்குச் சிறு துண்டுகளை ஒட்டித்தான் ஆகவேண்டும்.

நார் இல்லாத, எவ்வளவு பெரிதாகவும் கிடைக்கிற, மலிவான பரப்பு ஒன்று கலைஞர்களுக்காக உருவாகவில்லை. தரைக்காக உருவானது. பெயின்ட் டப்பாவைத் திறந்தால் மேலே தோல்போல ஓர் ஆடை படிந்திருக்கும், எடுத்து எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஃபிரெடரிக் வால்ட்டன் என்ற இங்கிலாந்துக்காரர் அதை எறியாமல் இழுத்துப் பார்த்தார். ரப்பர்போல் நீண்டது. ரப்பர் விலை உயர்ந்த காலம் அது. எண்ணெயைக் காயவைத்தே ரப்பருக்கு மாற்று செய்யலாம் என்று தோன்றியது. 1860-லும் 1863-லும் காப்புரிமை வாங்கினார், 1864-ல் லண்டனுக்கு அருகே ஸ்டெயின்ஸில் ஆலை தொடங்கினார்.

செய்முறை பொறுமையைச் சோதிப்பது. சூடாக்கிய உயரமான கொட்டகையில் மெல்லிய பருத்தித் துணிகளை உச்சியிலிருந்து தொங்கவிட்டு, அவற்றின் மேல் ஆளிவிதை எண்ணெயை வழியவிடுவார்கள். ஓர் அடுக்கு காய்ந்ததும் அடுத்த அடுக்கு. இப்படி மாதக்கணக்கில் எண்ணெய் ஆடை துணியின் மேல் தடித்துக்கொண்டே போகும். பிறகு அதை வெட்டி இறக்கி அரைத்து, பைன் மரப் பிசினும் நியூசிலாந்திலிருந்து வந்த கௌரிப் பிசினும் சேர்த்துச் சமைத்து, தக்கைத் தூளைக் கலந்து, சணல் துணியின் மேல் உருளைகளால் அழுத்தினால் லினோலியம். அதன்பிறகும் சூடான அறையில் வாரக்கணக்கில் தொங்கவேண்டும். ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டி நகரம் இந்தத் தொழிலின் தலைநகரம் ஆயிற்று. ரயில் நிலையத்தில் இறங்கும்போதே எண்ணெய் வாடை வரும் என்பது ஊரின் பெருமை. எண்ணெய்ச் சங்கிலி உடையும்போது வெளியேறும் ஆல்டிஹைடுகளின் வாடை அது. அச்சுக்கூடத்திலும் புது அச்சுப்படத்திலும் வருவது அதே வாடைதான். முதுகுப் பக்கச் சணலுக்கு வங்காளத்தோடு உறவு உண்டு. கிழக்கு வங்க வயல்களின் சணல் பக்கத்து ஊரான டண்டியின் ஆலைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

லினோவில் நார் இல்லை. வளைவோ வட்டமோ உளி போன போக்கில் போகலாம். இளம் சூட்டில் வெண்ணெயாக வெட்டுப்படும்; குளிர்நாட்டில் இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிக்கொள்வார்கள், சென்னையில் வெயிலே அதைப் பார்த்துக்கொள்ளும். அதன் எல்லையும் உண்டு. கோடு மிக மெலிந்தால் உள்ளிருக்கும் தக்கைத் துணுக்கு பெயர்ந்து வந்துவிடும். பீவிக்கின் இறகை லினோவில் செதுக்க முடியாது, முயல்வதும் தேவையில்லை. லண்டன் குரோவனர் பள்ளியில் 1926 முதல் லினோகட் கற்பித்த கிளாட் ஃபிளைட், இது தரைவிரிப்பு என்பதையே பெருமையாகச் சொன்ன மனிதர். நுணுக்கத்தை விட்டுவிட்டு வேகத்தையும் பெரிய வளைவையும் தேடச் சொன்னார்.

ஓவியர் நந்தலால் போஸ் தண்டி யாத்திரைக்காக 1930-ல் லினோவில் செதுக்கிய காந்தி அதற்கு நல்ல சாட்சி. கறுப்புப் பரப்பின் நடுவே தடியூன்றி நடக்கும் உருவம், அத்தனையும் வெள்ளைக் கோடு. உளி எடுத்ததெல்லாம் வெள்ளை என்பதால் இந்தக் கலையின் இயல்பான மொழி வெள்ளைக் கோடுதான். கறுப்புக் கோடு வேண்டுமானால் அதன் இரு பக்கமும் சீவித் தள்ளவேண்டும். நந்தலால் குறைவாகச் சீவி நிறையச் சொல்லிவிட்டார். அதிலுள்ள கறுப்பு சீராக விழுவதற்கு மேலே சொன்ன ரோலர் கணக்கு அத்தனையும் சரியாக அமையவேண்டும்.

பல நிறம் என்றால் மறுபடி ஆக்சிஜனின் தயவு. பிரான்சின் வல்லோரிஸில் அச்சாளர் இடால்கோ ஆர்னேராவோடு வேலை செய்த பிக்காசோ, நிறத்துக்கு ஒரு லினோ என்று பல துண்டுகளைப் பொருத்தி அலுத்துப்போய், ஒரே துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி அடுத்தடுத்த நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார். இந்த முறையில் கீழ்நிறம் ஈரமாக இருந்தால் மேல்நிறம் அதைப் பிய்த்துக்கொண்டு வரும். முழுக்கக் காய்ந்து கண்ணாடிபோல் இறுகிவிட்டாலோ மேல்மை ஒட்டாமல் நழுவும். தொட்டால் ஒட்டாத, நகத்தால் கீறினால் கோடு விழுகிற இடைப்பதம்தான் வேண்டும். அந்தப் பதம் எப்போது வரும் என்பது வெப்பம், வெளிச்சம், காற்றோட்டம், நிறப்பொடி எல்லாவற்றையும் பொறுத்தது. இதற்கு அட்டவணை போட்டுத் தருகிறவர்களை நான் நம்புவதில்லை.

லினோகட் அச்சிடும்போது ஒரே எண்ணெய் தன் இரண்டு வயதுகளில் சந்திக்கிறது. கீழே பல மாதம் ஆக்சிஜன் குடித்து முதிர்ந்த எண்ணெய், மேலே இன்னும் குடிக்கத் தொடங்காத எண்ணெய். முதிர்ந்தது இளையதை உறிஞ்சாது, ஆனால் இனம் ஒன்றாதலால் விலக்கவும் செய்யாது. மை அதன் மேல் அழகாகப் படர்கிறது. ஒன்றுக்கு நேர்வது மற்றதற்கும் நேர்கிறது. லினோவின் வினை ஆலையோடு முடிந்துவிடுவதில்லை. அலமாரியில் கிடக்கும் துண்டு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும், பல வருஷம் கழித்து எடுத்து மடக்கினால் பொரிந்து உடையும். அச்சுப்படத்தை இருட்டில் சுருட்டி வைத்தால் வெளிர்நிற மை மஞ்சளிக்கும். புது லினோலியமும் இருட்டறையில் மஞ்சளிக்கும். இரண்டையும் வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இரண்டுக்கும் பகையும் ஒன்றே. காஸ்டிக் சோடா எண்ணெயைச் சோப்பாக மாற்றும் என்பது சோப்பு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும். வலைபோல் பிணைந்து போன எண்ணெயும் தப்பாது. எந்தக் கரைப்பானுக்கும் அசையாத காய்ந்த மை, காரத்தில் குழகுழவென்று வழிந்துவிடும். அதே காரம் லினோவையும் தின்றுவிடும். இந்தக் குறையையே சிலர் உத்தியாக்கிக்கொண்டார்கள். மெழுகால் சில இடங்களை மூடிவிட்டு லினோவின் மேல் காஸ்டிக் சோடாவை ஊற்றினால், உளியால் ஒருபோதும் வராத சொரசொரப்பான பரப்பு கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

ஈர மைக்குக் காரம் தேவையில்லை. சமையல் எண்ணெய் ஒரு கரண்டி விட்டுத் துடைத்தால் ரோலரும் பலகையும் சுத்தமாகிவிடும், பிறகு சோப்பு நீர். துடைத்த துணியில்தான் ஆபத்து இருக்கிறது. ஆக்சிஜன் பிணையும் ஒவ்வொரு முறையும் சூடு வெளிப்படுகிறது. அச்சுப்படத்தில் அது காற்றோடு போய்விடும். சுருட்டி எறிந்த துணியில் பரப்பு அதிகம், காற்று போதுமான அளவு, சூடு வெளியேற மட்டும் வழியில்லை. சூடு வினையை விரைவுபடுத்தும், விரைந்த வினை இன்னும் சூடாக்கும், சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் மாடியில், மரவேலைக்குப் பயன்படுத்திவிட்டு விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் இப்படிப் பற்றின. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். மாடி மாடியாக ஏறிய தீ, தானியங்கி நீர்த்தெளிப்பான் பொருத்தியிருந்த 30ஆம் மாடியில்தான் நின்றது.

மை துடைத்த துணியைக் குப்பைக் கூடையில் போடாமல், வெளியே தரையில் ஒற்றை அடுக்காக விரித்துவிடவேண்டும். சூடு தங்காது, சில நாட்களில் அட்டைபோல் விறைத்துவிடும், அதன்பின் எறியலாம். விரிக்க இடமில்லாத மாடிவீட்டுக்காரர்கள் மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் முக்கி வைக்கலாம்.